பாஸ் ‘உட’ என்றார்

என் கணவருக்குக் கோபம் வராது. எங்கள் வீட்டில் அந்த இலாகா முழுவதும் என் பொறுப்பு. நான் சத்தம் போடத் தொடங்கினால் அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல்தான். “உடும்மா, உடு.”

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எங்கள் பக்கம் அது ‘விடு’. அவர் கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர்களுக்கு அது ‘உடு’. கல்யாணமான புதிதில் திருத்திப் பார்த்தேன். “விடு எண்டு சொல்லுங்கோ, வாய் நோகாது” என்றேன். “சரி, அதையும் உடு” என்றார். அன்றிலிருந்து திருத்துவதை நிறுத்திவிட்டேன். அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிவதில்லை என்று மட்டும் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். முப்பது வருடமாக அதைக் காப்பாற்றியும் வந்தேன்.

இந்த மனிதர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் எங்கள் வான் வண்டிக்கு டயர் வாங்க பிலிமத்தலாவைக்குப் போனார். பின்னேரம் திரும்பி வந்தபோது டயர் இல்லை. வானுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வீடு உருண்டு வந்துகொண்டிருந்தது.

கரவன் என்றார். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அதை இழுத்துக்கொண்டு இலங்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். உள்ளே ஒரு கட்டில், ஒரு குட்டி அடுப்பு, மடக்கி வைக்கும் மேசை, கதிரை போட இடமில்லாததால் உட்கார இரண்டு நீளப் பலகை வாங்கு. சுற்றிவர ஐந்து யன்னல். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, டயர் எங்கே என்று கேட்டேன். அவர் அந்தக் கேள்வி காதில் விழாதவர் போல ஒரு யன்னலைத் திறந்து மூடிக் காட்டினார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கடலோரம் விழித்தெழ வேண்டும். மலையில் பிறந்த மனிதர் கடலைப் பார்த்ததெல்லாம் பகலில்தான். பள்ளிக்கூடச் சுற்றுலா, கோயில் பயணம், தொழிற்சாலை ஆட்களோடு போன பயணம், எல்லாமே பின்னேரம் பஸ்ஸில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்துவிடும் பயணங்கள். விடியற்காலையில் கடல் எப்படிச் சத்தம் போடும் என்று என்னிடம் அடிக்கடி கேட்பார். கடல் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு அது ஒரு கேள்வியாகவே படாது. கடல் மாதிரித்தான் சத்தம் போடும் என்பேன். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கண்டியின் யானை ஊர்வலத் திருவிழாவான பெரஹரா தொடங்குவதற்கு முன்னால் நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். பெரஹரா தொடங்கிவிட்டால் கண்டியில் வீதிக்கு வீதி தடை. பிறகு கரவன் அல்ல, கத்தரிக்காய்க் கூடையைக்கூட நகர்த்த முடியாது.

அவர் கேட்ட விதத்தில் எனக்கு மனம் இளகித்தான் இருந்தது. ஆனால் அந்த ஐந்து யன்னல்களைப் பார்த்ததும் வாசற்படியோடு நின்றுவிட்டேன். எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மாத்தளை வீதிக்கு மேலே ஒரு மண்மேட்டில் இருக்கிறது. கரவன் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், நெரிசலில் மாட்டிக்கொண்ட பஸ்களின் யன்னல்கள் வந்து வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து எப்படியும் ஒரு தலை வெளியே வந்து “டீச்சர்” என்று கூப்பிடும். கண்டியைச் சுற்றியுள்ள தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பித்தவள் நான். மீன் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், ஒருமுறை பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோதும்கூட, யாரோ ஒருவர் “டீச்சர், என்னைத் தெரியுதா?” என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் பார்க்காத இடம் என்று எனக்கு ஒன்று இருந்ததே இல்லை. தவிரவும், யன்னலை அடைத்து விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்த நாட்கள் எங்கள் தலைமுறைக்கு உண்டு. அதை எழுத நான் இங்கே வரவில்லை. யன்னல் மூடியிருந்தால்தான் எனக்கு நித்திரை வரும், அவ்வளவுதான்.

அந்தக் கரவனின் யன்னல்களோ மூடுகிற நிலையில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் விசிறி மடிப்பாக மடிந்து இறங்கும் ஒரு மறைப்பு இருந்தது. பிளைன்ட் என்று கணவர் பெருமையாகச் சொன்னார். அதைத் தாங்கும் நூல்கள் எல்லாம் உக்கிப்போயிருந்தன. ஒன்று ஒரு பக்கம் மட்டும் சரிந்து, பாரிசவாதம் வந்த கண்ணிமை மாதிரித் தொங்கியது. இன்னொன்றை இழுத்தபோது அது கழன்று கையோடு வந்தது. மூன்றாவதன் மடிப்புகளுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. மலைநாட்டு ஈரத்தில் மிச்சமெல்லாம் பூஞ்சணம்.

நான் என் நிபந்தனையைச் சொன்னபோது பக்கத்து வீட்டு நானாவும் முற்றத்தில் நின்றார். அவருக்கு அக்குறணையில் திரைச்சீலைக் கடை. எங்களைவிட வயதில் இளையவர்தான், ஆனாலும், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, எங்கள் ஒழுங்கையின் வீடுகள் அனைத்துக்கும் அவர் நானா. கரவன் வந்த நாளிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கல்யாணத்துக்கு மாடு பார்ப்பவர் போலத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் கொத்து ரொட்டிக் கடை போட ஆசை. பெரஹரா நாட்களில் பாலத்தடியில் நிறுத்திவிட்டால் போதும், பெரிய யன்னல் வழியாக ரொட்டி போய்க்கொண்டே இருக்கும் என்று கண்கள் மின்னச் சொன்னார். கொத்துக் கடைக்கு மறைப்பே தேவையில்லை என்பதையும் மறக்காமல் சொன்னார்.

“இஞ்சேருங்கோ, நானும் சாட்சிக்கு ஒரு ஆள் வச்சுத்தான் சொல்லுறன்” என்றேன். “உள்ளுக்கு லைட் எரியவேணும். வெளியில நிண்டு பாக்கிற ஆளுக்கு என்ர நிழல்கூடத் தெரியக்கூடாது. அப்பிடியெண்டால் நிலாவெளிக்கு வாறன். தெரிஞ்சால், பெரஹராவுக்கு முதல் இது நானாவுக்கு.”

கணவர் நானாவைப் பார்த்தார். நானா கரவனைப் பார்த்தார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

முதலில் கணவர் தானே பழுதுபார்ப்பதாகச் சொன்னார். மீன் பிடிக்கிற தங்கூசி நூல் வாங்கி வந்து, பிளைன்டின் ஓட்டைகள் வழியாகக் கோத்தார். தொழிற்சாலையில் பெரிய பெரிய இயந்திரங்களையெல்லாம் அதட்டி வேலை வாங்கிய மனிதர், ஒரு முழ நீளச் சீலையிடம் தோற்றுப்போனார். வலப்பக்க நூலை இழுத்தால் இடப்பக்கம் இறங்கியது. இடப்பக்கத்தை இழுத்தால் இரண்டும் ஏறின. ஒருமுறை சரியாக இறங்கியது. நான் கைதட்டினேன். பிறகு அது ஏறவே மறுத்துவிட்டது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். “மேடை உண்மையாவே கோணல்தாம்மா” என்று நீர்மட்டக் குழாயை யன்னல் சட்டத்தில் வைத்துக் காட்டினார். கோணல்தான். நான் தேநீர் வைக்கப் போனேன்.

அடுத்து, வேலை முடியும்வரை என்று பழைய பத்திரிகைகளை ஒட்டிவைத்தார். அதில் ஒரு தவறு நடந்தது. வார ராசிபலன் பக்கம் வெளிப்பக்கம் பார்த்தபடி ஒட்டப்பட்டுவிட்டது. பின்னேர நெரிசலில் நின்ற ஒரு பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டி எட்டி வாசித்தார்கள். கன்னி ராசிக்காரி ஒருத்தி மண்மேட்டில் ஏறி வந்து, எழுத்துச் சின்னதாக இருக்கிறது, கிட்ட நின்று பார்க்கலாமா என்று கேட்டாள். நான் படிப்பித்த பிள்ளை. கன்னிக்கு அந்த வாரம் தூரப் பயணம் என்று போட்டிருந்தது. கணவர் அதைக் கேட்டு, “ஒங்க டீச்சரும் கன்னி ராசிதான்” என்று அவளிடம் சொன்னார். பத்திரிகைகளை அன்றைக்கே கிழித்தெறிந்தேன்.

இந்தக் கட்டத்தில்தான் நானா ஒரு யோசனை சொன்னார். பிலிமத்தலாவையில் வான்களுக்கு இருக்கை தைக்கிற குஷன் பாஸ் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டி வந்து, பழைய பிளைன்ட்களைத் தூக்கியெறிந்துவிட்டு, சுருள்கம்பி வைத்த திரை போடலாம். கீழே இழுத்துக் கொக்கியில் மாட்டினால் நிற்கும். கழற்றிவிட்டால் தானாகவே சுருண்டு மேலே போய்விடும். சீலை தன் கடையிலேயே இருக்கிறது, ஒளி புகாத சீலை என்றார். கரவனுக்கு ஆசைப்படுகிறவரே அதைக் காப்பாற்ற வழி சொல்கிறாரே என்று எனக்கு ஒரு பக்கம் சந்தேகம். மற்றப் பக்கம், சீலை வியாபாரியால் ஒளி புகாத சீலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது என்றும் பட்டது.

பாஸ் வந்தார். கைவேலைக்காரரை எங்கள் நாட்டில் இப்படித்தான் கூப்பிடுவோம். மெலிந்த, சிரித்த முகமுள்ள சிங்களவர். வாயில் எப்போதும் நான்கு திருகாணிகள். அவருக்கு ஒரு பெருமை இருந்தது: தமிழ் வீட்டில் வேலை செய்தால் தமிழில்தான் பேசுவார். தெரிந்த தமிழ்ச் சொற்கள் கொஞ்சம். அவை தீர்ந்தவுடன், முன்னறிவிப்பு இல்லாமல் சிங்களத்துக்குள் நுழைந்துவிடுவார். நானாவுக்கும் ஒரு பெருமை: பாஸோடு சிங்களத்தில்தான் பேசுவார். ஆக, சிங்களவர் தமிழும் தமிழ் பேசுகிறவர் சிங்களமும் பேச, என் கணவர் நடுவில் நின்று இரண்டுக்கும் தலையாட்டினார். சின்ன யன்னல்கள் நான்கும் இப்படியே நல்லபடியாக முடிந்தன.

மிஞ்சியது வீதியைப் பார்த்த பெரிய யன்னல். அதன் திரைக்குச் சுருள்கம்பியும் பெரிது, முறுக்கும் அதிகம். பாஸ் வாங்கின் மேல் ஏறி மேல்சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார். நானா கீழே நின்று, முறுக்கேறிய திரையின் அடிக்கம்பியை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றேன்.

“பிடி, பிடி” என்றார் பாஸ், நல்ல தமிழில். “நல்லா பிடி.” நானா நல்லாப் பிடித்தார். பாஸ் சாய்ந்து பார்த்தார். கம்பி சற்றுத் தாழ்ந்திருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். “உட” என்றார்.

நானா விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு தும்மலுக்குள் முடிந்துவிட்டது. திரை மேலே பாய்ந்து, தன்னைத் தானே சுற்றி, அடிக்கம்பியால் கூரை விளக்கை அடித்து, பாஸின் வாயிலிருந்த திருகாணிகளைத் துப்ப வைத்து, சட்டத்தோடு கழன்று தேநீர்த் தட்டில் வந்து விழுந்தது. சுருள்கம்பி பட்டென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்துப்போனது. சீலை தேநீரில் குளித்தது. கணவர் என் கையைப் பிடித்து, சுட்டுவிட்டதா என்று பார்த்தார்.

சிங்களத்தில் ‘உட’ என்றால் மேலே. கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்லியிருக்கிறார் பாஸ். ‘பிடி’ தமிழில் வந்ததால் அடுத்ததும் தமிழ்தான் என்று நானா நினைத்துவிட்டார். நானா வீட்டுப் பேச்சிலும் விடு என்பது உடுதான். நானா தலையில் கை வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தார்.

நான் சும்மா இருப்பேனா? “நானாவுக்குக் கொத்துக் கடை கண்ணுக்குள்ள நிண்டிருக்கும்” என்றேன். நான் பகிடிக்குச் சொன்னது அவருக்குச் சுட்டுவிட்டது.

“அல்லாஹ்ட மேல ஆண, டீச்சர்” என்றார். “பாஸ்தானே உடச் சொன்ன. சொன்னதால உட்டேன். எனக்கு இது வேணும்தான். ஆனா இப்பிடி வேணாம்.”

அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. இத்தனை வருடம் கரும்பலகையின் முன்னால் நின்ற பழக்கம். அந்த இடத்திலேயே மூன்று ஆண்களையும் வாங்கில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். உட என்றால் மேல். உடரட்ட என்கிறோமே, மேல்நாடு, அந்த உட. இது சிங்களம். உடு வேறு, அது விடு என்கிற நல்ல தமிழ்ச் சொல் கண்டிக்கு வந்து கெட்டுப்போனது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இதைக் குழப்பிக்கொள்ளாது, யாழ்ப்பாணத்தில் பிறந்த காதுக்கு இந்தத் தவறு கனவிலும் வராது என்றெல்லாம் சொன்னேன். இனிமேல் கரவனுக்குள் பாஸ் சிங்களம் மட்டுமே பேச வேண்டும் என்று சட்டமும் போட்டேன். பாஸ் பயந்துபோய்ச் சிங்களத்தில் சரி என்றார். கணவர் மெதுவாக, “உடும்மா” என்றார். நான் இன்னும் கொஞ்ச நேரம் பாடம் நடத்தினேன்.

அடுத்த சில நாட்களில் பெரஹராவுக்காக ஊரெல்லாம் கம்பம் நட்டு, வடம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். கணவர் காலையில் போய்க் கரவனுக்குள் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். வீதியைப் பார்த்த யன்னல் மூளியாக இருந்தது.  நிலாவெளி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. சண்டை பிடிக்கிற மனிதராக இருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி ஆறியிருப்பேன். இவரோ, போனால் போகட்டும் என்று இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த மூளி யன்னல் வழியாக பஸ்களைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் சாட்சி வைத்துச் சொன்ன சொல்லாயிற்றே.

நானாதான் மீட்டுத் தந்தார். கொழும்பிலிருந்து புதிய சுருள்கம்பி எடுப்பித்து, கடையிலிருந்து மறுபடி சீலை வெட்டி, தன் தாத்தாவிடம் கொடுத்து ஓரம் தைப்பித்துக் கொண்டுவந்தார். தாத்தா என்றால் கிழவர் அல்ல, அவர்கள் வழக்கத்தில் அக்கா. அந்தத் தாத்தா, எனக்கென்று ஒரு தட்டில் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதலும் அனுப்பியிருந்தார். நான் சொன்ன பேச்சுக்குப் பிறகும் தொதல் வந்ததே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டைக் கரவன் மேசையில் வைத்துவிட்டு, சோதனை முடிந்த பிறகு எல்லோருமாகச் சாப்பிடலாம் என்றேன்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் சோதனை. பாஸ் பெரிய திரையையும் பொருத்திவிட்டார். அடிக்கம்பிக்கான கொக்கி ஒன்றுதான் பாக்கி. அதை எந்த உயரத்தில் அடிப்பது என்று வெளியிலிருந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கீழால் வெளிச்சம் கசியக் கூடாதல்லவா. ஆகவே நான் உள்ளே இருந்து அடிக்கம்பியில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும், பாஸ் வெளியே நின்று ஏற்று, இறக்கு என்று சொல்வார், நான் பென்சிலால் அடையாளம் வைப்பேன். மூன்று ஆண்களும் வெளியே போனார்கள். நான் கதவைச் சாத்தினேன். விளக்கைப் போட்டேன். திரைகளை இழுத்தேன்.

அவர்கள் சின்ன யன்னல்களிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு யன்னலிலும் ஒரு விவாதம். அங்கே ஒரு கோடு தெரிகிறது என்பார் கணவர். அது கண்ணாடியில் விழுந்த பஸ் வெளிச்சம் என்பார் நானா. குரல்கள் கரவனைச் சுற்றி மெதுவாக நகர்ந்தன. கயிற்றைப் பிடித்த கை நொந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். பிறகு கயிற்றை என் கால் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். காலை நீட்ட இடம் போதாததால் முதுகைச் சாய்த்தேன். சாய்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் படுத்திருக்கிறேன் என்று.

என்ன சொல்வது, அப்படி ஒரு சுகம். ஐந்து யன்னலும் மூடியிருந்தன. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பின்கட்டில் நீருக்குத் திறந்துவிட்ட குழாய் இல்லை, அடுப்பில் ஏறிய சோறு இல்லை, டீச்சர் இல்லை. பஸ்கள் அத்தனையும் வெளியே, நான் மட்டும் உள்ளே. பயந்து அடைத்த யன்னல்களைத்தான் இதுவரை எனக்குத் தெரியும். ஆசைக்கு அடைத்த யன்னல் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தேன். கூரையைப் பார்த்தபடி, இந்தக் கட்டிலில் கிடந்தால் கடல் எந்தப் பக்கமிருந்து கேட்கும் என்று யோசித்தேன். கை தானாகவே மேசைக்குப் போனது. ஒரு துண்டுத் தொதல் எடுத்து வாயில் போட்டேன். இன்னொன்றும் போட்டேன்.

“உள்ள ஒண்ணும் தெரியல, உனக்கு எப்பிடி?” என்று கணவர் வெளியிலிருந்து கேட்டார்.

சரி என்றால் எழும்ப வேண்டும். “இன்னும் கொஞ்சம் பாருங்கோ, எனக்குத் திருப்தியில்லை” என்றேன், படுத்தபடியே. அவர் பெருமூச்சு விட்டது சுவர் தாண்டிக் கேட்டது. நானா பக்கத்திலே தொண்டையைக் கனைத்தார். பாவம், இரண்டு பேரும் என் திருப்திக்காகக் காத்து நின்றார்கள். நான் மூன்றாவது துண்டை எடுத்தேன்.

கடைசியாகப் பெரிய யன்னலுக்கு வந்தார்கள். பாஸ் என் சட்டத்தை மதித்து, சுத்தமான சிங்களத்தில், கொஞ்சம் மேலே என்று சொல்லியிருக்கிறார். அவருடைய சின்னக் குரல் உள்ளே வரவில்லை. அதனால் கணவர் அதை எடுத்துச் சொன்னார். பாஸ் சொன்ன சொல்லை அப்படியே, தன் குரலில், எனக்குப் பழக்கப்பட்ட அந்தப் பொறுமையான குரலில், யன்னல் இடுக்கு வழியாகச் சொன்னார்.

“உட, உட.”

என் கால்விரல் விட்டுவிட்டது.

கயிறு சுழன்று பறந்தது. திரை சடசடவென்று உச்சிக்கு ஏறியது. விளக்கு வெளிச்சத்தில், முழு யன்னல் அளவுக்கு நான் கிடந்தேன்: ஒரு கால் யன்னலை நோக்கி உயர்ந்தபடி, தலைக்குக் கீழே இரண்டு தலையணை, நெஞ்சின் மேல் தொதல் தட்டு, இரண்டு கன்னமும் நிறைந்த வாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கணவர், நானா, பாஸ். அவர்களுக்குப் பின்னால், அந்த நேரம் பார்த்து, நெரிசலில் நின்ற மாத்தளை பஸ். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள், நின்றவர்கள், எல்லோரும். மிதிபலகையில் தொங்கிய நடத்துனர் கையை உயர்த்தி, பண்பாக, “டீச்சர்” என்றான்.

சிங்களம் படிப்பித்த டீச்சர். யாழ்ப்பாணத்துக் காது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குக் கால்விரல் சறுக்கியது. முப்பது வருடத்தில் அந்த மனிதர் உடு என்று சொல்லி நான் கீழ்ப்படிந்தது அன்றைக்குத்தான். அன்றைக்கென்று பார்த்து அவர் அதைச் சொல்லவும் இல்லை.

நானா என்னைப் பார்த்தார். தொதல் தட்டைப் பார்த்தார். தலையணைகளைப் பார்த்தார். பாடம் திருப்பி எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு எல்லா உரிமையும் அவருக்கு இருந்தது. அவர் என் கணவரின் தோளில் கையை வைத்தார்.

“சேர், இது விக்கிற சாமான் இல்ல” என்றார். “நான் வேற ஒண்டு பாக்குறேன்.”

கணவர் சிரிக்கவில்லை. யன்னலுக்குக் கிட்ட வந்து, கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றார். நிழல் தெரிந்ததா இல்லையா என்று அவர் என்னிடம் வழக்காடியிருக்கலாம். நிழலென்ன, முழு ஆளே தெரிந்திருந்தேன். நிபந்தனைப்படி அவர் தோற்றுவிட்டார். இருந்தும் அந்த முகத்தில் தோல்வி இல்லை. பல வருடங்களாக நான் பார்க்காத ஒரு பயந்த சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. தொதலும் அடைத்தது.

“அப்ப, நெலாவெளிக்கு?” என்றார்.

“ஓம், வாறன்” என்றேன்.

வாய் நிறையத் தொதல் இருந்ததால், அது எந்த மொழி என்று பாஸ் நானாவிடம் கேட்டார்.